பால்கோவா தடவிய கேக்

"இந்த பவுண்ட் கேக்கைத் தோசைக்கல்லுல லேசா சூடு காட்டி, மேல பால்கோவா தடவிக் குடு" என்றான் கார்த்திகேஷ்.

முனீஸ்வரிக்குச் சுருக்கென்றது. இத்தனை நாளும் வெறும் கேக்கைக் காபியில் நனைத்துத் தின்ற கணவன்.

"இம்புட்டுப் பக்குவம் யாரு சொல்லிக் குடுத்தா?"

"ஆபீஸ்ல பேசிக்கிட்டாங்க" என்றவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, நண்பனைப் பார்க்கப் போவதாகச் சொல்லிக் கிளம்பினான். அவள் ஆட்டோவில் பின்தொடர்ந்தாள். ஒத்தக்கடையில் அவள் இதுவரை பார்த்திராத ஒரு புது வீட்டுக்குள் அவன் நுழைந்ததும், உள்ளேயிருந்து ஒரு பெண்ணின் சிரிப்புச் சத்தம் கேட்டது. ஆத்திரத்தோடு கதவைத் தட்டினாள்.

பால்கோவா தடவிய கேக் தட்டோடு வந்து திறந்தது அவளுடைய அம்மா. சாதிவிட்டுக் கட்டிக்கொண்டாள் என்று கல்யாணத்திலிருந்து அவளோடு பேச்சை நிறுத்திவிட்ட அம்மா.

"மாப்ள மாசக்கணக்கா வந்து போறாரு. பெத்தவ வீட்டுக்கு வழி உனக்கு இப்பத்தான் தெரிஞ்சுச்சா?"