மூன்றாவது தரம்

வயரை மூன்று தரம் மாட்ட வேண்டும். அவ்வளவுதான் வேலை.

ட்ரோனுக்குள் இருக்கும் ரிசீவர் கட்டைவிரல் நகமளவு. ஒரேயொரு ரிமோட்டின் சொல்லைத்தான் அது கேட்கும். பற்றரி வயரை மாட்டி உடனே கழற்ற வேண்டும். இன்னொரு தரம் மாட்டிக் கழற்ற வேண்டும். மூன்றாவது தரம் மாட்டியதும் பழைய ரிமோட்டை அடியோடு மறந்துவிட்டு, புதியதைச் சேர்த்துக்கொள்ளும்.

பழைய ரிமோட் ஜெப்றியிடம் இருந்தது.

மூன்று மாதத்துக்கு முன் கல்முனைக் கடற்கரையில் ட்ரோன் தென்னையில் மோதி விழுந்தது. அப்போது ஓட்டியவன் அவன். கரைவலைக்காரர் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டு நிற்க, பட்டத்து நூல்கூட இவன் கையில் நிற்காது என்று கத்தினேன். ஜெப்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கழுத்தில் தொங்கிய ரிமோட்டோடு மோட்டார் சைக்கிளில் ஏறிப் போய்விட்டான்.

அன்றிலிருந்து சட்டி என்னிடம், மூடி அவனிடம்.

இருபது வருடச் சிநேகிதம். இரண்டு வீட்டுக்கும் நடுவில் இரண்டு கிலோமீற்றர்கூட இல்லை. அவன் வரவில்லை, நான் போகவில்லை. ரோசத்தில் மட்டும் இரண்டு பேருக்கும் குறைவில்லை.

வீட்டுக்குக் கொண்டுவந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. பறந்துகொண்டிருக்கும்போதே ஒரு இறக்கை கழன்றிருக்கிறது. அதன் நட்டை இறுக்காமல் விட்டவன் நான்.

போய்ச் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. அதற்குப் பதிலாக, ட்ரோனைத் திருத்திப் புது இறக்கை மாட்டி, புது ரிமோட் ஒன்றும் வாங்கினேன்.

இன்று பின்னேரம் அசர் தொழுதுவிட்டு வந்து புது ரிமோட்டின் பெட்டியைப் பிரித்ததுதான் தாமதம், என் மனைவி ஆகிலா கேஸ் சிலிண்டரை மாற்றித் தரச் சொன்னாள். மாற்றினேன். பழையதில் இன்னும் பாதிக் கனம் இருந்தது.

பிறகு ஜன்னல் கொண்டி இறுகுகிறது என்றாள். அதற்கும் எண்ணெய் விட்டேன்.

ஒருவழியாக மேசைக்கு வந்து, பாதுகாப்புக்காக இறக்கைகள் நான்கையும் கழற்றி வைத்தேன். ஆகிலா இரண்டு கோப்பைத் தேத்தண்ணீரைக் கொண்டுவந்து வைத்து, ஒன்றைப் பீரிசுத் தட்டால் மூடிவிட்டு எதிரே உட்கார்ந்தாள். என்ன செய்யப்போகிறேன் என்று கேட்டாள். ஒருநாளும் கேட்காதவள். சொன்னேன்.

"மூணு தரமா? தலாக் மாதிரியெல்லோ கிடக்கு. ரெண்டோட நிண்டா திரும்பிச் சேர இன்னும் வழி இரிக்கி, மூணாவதுக்குப் பொறகு இல்ல. தெரிஞ்சுதானே செய்றீங்க?"

பகிடிக்குச் சொன்னாளா, குத்திச் சொன்னாளா என்று அவள் முகத்தில் கண்டுபிடிக்க முடியாது.

முதல் தரம் மாட்டினேன். ரிசீவரின் சின்ன விளக்கு கண்ணைச் சிமிட்டியது. கழற்றினேன்.

இதைத் தனியாகப் பறக்கவிட்டு யாருக்குக் காட்டப்போகிறேன்? உயரப் போனதும் பக்கத்தில் நின்று துள்ளுகிறவன் அவன்தான். நாற்பத்திரண்டு வயதில் வேறு யார் என்னோடு துள்ளுவார்கள்?

இரண்டாம் தரம் மாட்டினேன். விளக்கு சிமிட்டியது. கழற்றுவதற்கு வயரைப் பிடித்தேன்.

சிமிட்டல் நின்றது. விளக்கு அசையாமல் எரிந்தது.

ரிமோட் கிடைத்துவிட்டது என்று அதற்கு அர்த்தம். புது ரிமோட் இன்னும் உள்ளுறை பிரிக்காமல் கிடந்தது.

நான் விளங்காமல் பார்த்துக்கொண்டிருக்க, மேசையில் கிடந்த ட்ரோன் கத்தத் தொடங்கியது. பற்றைக்குள்ளோ வயலுக்குள்ளோ விழுந்தால் தேடி எடுப்பதற்கென்று அதில் ஒரு சத்தம் உண்டு. ரிமோட்டில் விசையைத் தட்டினால்தான் அது கத்தும்.

இரண்டு குட்டைச் சத்தம். பிறகு ஒரு நீளச் சத்தம்.

இருபது வருடமாக என் வீட்டுக் கேற்றில் ஜெப்றி அடிக்கும் ஹோர்ன் அப்படித்தான் இருக்கும்.

செருப்புப் போடாமல் ஓடினேன்.

கேற்றுக்கு வெளியே மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்திருந்தான். கழுத்தில் ரிமோட். பார்வை என்மேல் இல்லை, மதிலின்மேல் இருந்தது.

"ரிமோட்டுட பற்றரி இறங்க விடல்ல, மச்சான்," என்றான். "கிழமைக்கு ரெண்டு தரம் ஏத்தி ஏத்தி வெச்சன்."

அவன் இறங்கும் முன்பே, தெருவில் நின்றபடியே, நட்டின் கதையைச் சொல்லி முடித்தேன். மூச்சு விடாமல் சொன்னேன்.

அவனுக்கு அது தெரிந்திருந்தது. இறக்கை தனியே பறந்து போனதை அன்றைக்கே கண்டிருக்கிறான். அத்தனை கரைவலைக்காரருக்கு முன்னால் என் பிழையைச் சொல்ல மனம் வரவில்லையாம்.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. மூன்று மாதத்துக்குப் பிறகு நெஞ்சு நிறைய மூச்சு விட்டேன். அல்ஹம்துலில்லாஹ் என்று வாய்விட்டே சொன்னேன்.

உள்ளே வந்ததும், அவனுக்கு முகம் காட்டக் கூச்சமாக இருந்தது. கைக்குக் கிட்டக் கிடந்த கோப்பையின் பீரிசை எடுத்துவிட்டு ஒரு மிடறு குடித்தேன்.

சீனி இல்லை.

ஆகிலா அவசரமாகக் குசினிக்குள் போய்விட்டாள்.

இந்த வீட்டில் சீனி போடாமல் குடிக்கிறவன் ஜெப்றி ஒருவன்தான். நான் வயரை முதல் தரம் மாட்டும் முன்பே அந்தக் கோப்பை மேசைக்கு வந்திருந்தது.