யார் கொடுத்தது?

"இது நம்ம பத்திரிகையில வராதும்மா" என்று சொல்லி, ஆசிரியர் அந்த ஃபைலைத் தன் மேஜை டிராயருக்குள் வைத்துப் பூட்டினார்.

அது, எதிரே நின்ற நிருபர் நான்கு மாதம் அலைந்து சேர்த்தது. சாயத் தொழிற்சாலை தன் கழிவை ஏரியில் கலக்கிறது என்பதற்கு ஆய்வக அறிக்கை, படங்கள், அங்கே வேலை பார்த்தவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த வாக்குமூலம் என்று எதையும் அவள் விட்டுவைக்கவில்லை. பாதி ஊர் அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறது.

காரணம் கேட்டாள். முதலாளி வேண்டாம் என்கிறார், அவ்வளவுதான் என்றார் ஆசிரியர். ஞாயிறு தவறாமல் முழுப் பக்க விளம்பரம் தருகிற தொழிற்சாலை அது. இந்த மனிதருக்கு ஆபீசில் 'கத்தரி' என்று பெயர் வைத்தது சும்மா இல்லை என்று நினைத்துக்கொண்டாள்.

"அப்ப நாம எதுக்கு சார் பத்திரிகை நடத்தறோம்?"

அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. மலர்க் கண்காட்சிச் செய்தியை நாலு மணிக்குள் முடித்துக் கொடுக்கச் சொன்னார்.

முடித்துக் கொடுத்தாள். அன்று சாயங்காலமே, தன்னிடமிருந்த நகல்களை ஒரு கவரில் போட்டு, பெயர் எழுதாமல், போட்டிப் பத்திரிகை வாசலில் இருந்த தபால் பெட்டியில் போட்டுவிட்டு விறுவிறுவென்று நடந்தாள். சம்பளம் தருகிற இடத்துக்குத் துரோகம் செய்துவிட்டோமே என்று வீடு வரைக்கும் மனசு அரித்தது.

மூன்றாம் நாள் போட்டிப் பத்திரிகையில், முதல் பக்கத்தில், கொட்டை எழுத்தில் வந்தது. மத்தியானத்துக்குள் தொழிற்சாலைக்கு சீல் வைத்துவிட்டார்கள்.

இங்கே முதலாளி தாம்தூம் என்று குதித்தார். இவ்வளவு பெரிய செய்தியை எப்படிக் கோட்டை விட்டீர்கள் என்று முதலில் குதித்தார். வேண்டாம் என்றதே தான்தான் என்பது ஞாபகம் வந்ததும், அதை வெளியே கொடுத்தது யார் என்று குதித்தார். ஆளைக் கண்டுபிடித்துச் சீட்டைக் கிழிக்கும் பொறுப்பை ஆசிரியரிடம் விட்டார்.

மறுநாள் ஆசிரியர் அவளைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். அவர் வாயைத் திறப்பதற்குள் அவள் ராஜினாமா கடிதத்தை நீட்டினாள்.

"நான்தான் சார் கொடுத்தேன். மன்னிப்பு கேக்க மாட்டேன்."

அவர் கடிதத்தை நிதானமாகப் படித்தார். பழக்க தோஷத்தில் ஒரு சந்திப் பிழையைச் சிவப்பு மையால் சுழித்தார். பிறகு நாலாக மடித்துக் குப்பைக் கூடையில் போட்டார். விசாரணை இன்னும் நடக்கிறது என்று முதலாளியிடம் சொல்லிக்கொள்வதாகச் சொன்னார்.

"நீதான்னு நேத்தே தெரியும்."

"எப்படி சார்?"

"அந்தப் பத்திரிகை ஆசிரியர் போன் பண்ணினார்" என்று அவர் குரலைத் தாழ்த்தினார். "'நீங்களே நேர்ல வந்து கொடுத்துட்டுப் போனீங்களே, அப்புறம் எதுக்கு சார் இன்னொரு செட்டைப் பெட்டியில போட்டீங்க?'ன்னு கேட்டார்."