சுவரின் மூன்றாவது படம்

"சாமியும் வேணாம், சினிமா ஹீரோவும் வேணாம் தம்பி. ரெண்டையும்தான் பாத்துட்டோமே" என்றாள் சம்பூர்ணம்.

கவின் பெயின்ட் டப்பாவோடு விழித்துக்கொண்டு நின்றான். வார நாட்களில் அவன் பெங்களூரு வைட்ஃபீல்டில் ஒரு கம்பெனியில் டிசைனர். ஞாயிற்றுக்கிழமையானால், ஊரார் குப்பை கொட்டும் மூலைகளைச் சுத்தம் செய்து சுவரில் படம் வரையக் கிளம்பிவிடுவான். நல்ல ஓவியத்துக்கு முன்னால் எந்த மனிதனும் குப்பை கொட்ட மாட்டான் என்பது அவன் கட்சி. அதைப் பற்றி இணையத்தில் பக்கம் பக்கமாக எழுதியும் இருக்கிறான். நீலசந்திரா பகுதியின் இந்த ஒரு சுவர் மட்டும் அவன் மானத்தை வாங்கிக்கொண்டிருந்தது.

சுவருக்கு நேர் எதிரே சம்பூர்ணத்தின் இட்லிக் கடை. வாழையிலையில்தான் பரிமாறுவாள். பிளாஸ்டிக் கவரில் சாம்பார் கேட்டால் பாத்திரம் எடுத்துவரச் சொல்லித் திருப்பி அனுப்புவாள். என்ன செய்து என்ன? எதிரே இருந்த நாற்றத்துக்குப் பயந்து ஆட்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு அடுத்த தெருக் கடைக்குப் போனார்கள். இன்னும் ஒரு மாதம் இப்படியே போனால் கடையை மூடிவிட்டு, மகளைக் கூட்டிக்கொண்டு கோலார் தங்கவயலில் அண்ணன் வீட்டு வாசலில் போய் நிற்கவேண்டியதுதான் என்று சொல்லியிருந்தாள். அதைச் சொல்லும்போது அவள் குரல் இறங்கிப் போனது கவினுக்கு மறக்கவில்லை.

முதலில் அவன் ஒரு பிள்ளையாரை வரைந்தான். குப்பை நின்றது உண்மைதான். பதிலுக்குக் கண்ணாடி உடைந்த சாமி படங்களும், மூக்கு போன பொம்மைகளும், காய்ந்த மாலைகளும் வந்து குவிந்தன. வீட்டில் வைக்கவும் முடியாமல், குப்பையில் போடவும் மனசு வராமல் இருந்தவர்கள் எல்லோரும் பிள்ளையார் காலடியில் கொண்டுவந்து சேர்த்தார்கள். துப்புரவுப் பணியாளர்கள் அதில் கை வைக்கவே பயந்தார்கள்.

அடுத்து ஒரு ஹீரோவை வரைந்தான். படம் ரிலீசான அன்று ரசிகர்கள் சுவருக்கே பாலாபிஷேகம் செய்தார்கள். காலிப் பால் பாக்கெட் மட்டும் ஒரு மூட்டை தேறியது. மறுநாள் எதிர்க் கோஷ்டி வந்து சாணியடித்துவிட்டுப் போனது.

"அப்ப யாரைத்தான் வரையறது, அக்கா?" என்றான் கவின்.

சம்பூர்ணம் கல்லாப்பெட்டியைத் திறந்து, அடியிலிருந்து ஒரு பாஸ்போர்ட் சைஸ் போட்டோவை எடுத்தாள். நாற்பது வயது இருக்கும். அடர்ந்த மீசை.

"என் வீட்டுக்காரரு. பெருசா ஒரு மாலை போட்டு, கீழ ஊதுபத்தியும் ஏத்தி வெச்சிடு."

இத்தனை நாள் பழகியும் அவள் குடும்பத்தைப் பற்றி அவன் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அவள் நெற்றியில் பொட்டு இருந்தது. அவளுடைய துணிச்சலுக்கு அதுவும் ஓர் அடையாளம் என்று எடுத்துக்கொண்டான். பிறந்த தேதியும் இறந்த தேதியும் எழுதவேண்டுமே என்று தயங்கித் தயங்கிக் கேட்டான். முகம் போதும், தேதி வேண்டாம் என்றுவிட்டாள்.

"கண்ணை மட்டும் நல்லா முழிச்சுப் பாக்குற மாதிரி போடு."

அன்று முழுவதும் வரைந்தான். இவ்வளவு பயபக்தியோடு அவன் எதையும் வரைந்ததில்லை.

திங்கட்கிழமை காலை, வழக்கம்போலக் குப்பைப் பையோடு வந்த அந்தத் தெரு லட்சுமம்மா சுவரைப் பார்த்து நின்றுவிட்டாள். "நிம்ம யஜமான்ரா?" என்று கன்னடத்தில், உங்கள் வீட்டுக்காரரா என்று கேட்டாள். சம்பூர்ணம் தலையாட்டினாள். லட்சுமம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டு, பையோடு திரும்பிப் போய் குப்பை வண்டிக்குக் காத்திருந்தாள். அப்புறம் தெருவே அப்படிச் செய்தது. மாரடைப்பு என்றார்கள் சிலர், லாரி விபத்து என்றார்கள் சிலர். யார் என்ன சொன்னாலும் சம்பூர்ணம் வாயைத் திறக்காமல் சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

ஒரு மாதம் கழித்துக் கவின் வந்தபோது பெஞ்சில் இடமில்லை. கடையை மூடுகிற பேச்சே போய்விட்டது. நின்றபடியே இலையை வாங்கிக்கொண்டு அவன் சுவரைப் பார்த்தான். சாமி எல்லோருக்கும் பொது, ஹீரோவும் பொது. இந்த மனிதர் ஒரே ஒரு பெண்ணுக்குச் சொந்தம், அதனால்தான் இவரை அவமதிக்க யாருக்கும் கை வரவில்லை என்று தோன்றியது. ஓவியத்தின் பலம் அதை வரைந்த கையில் இல்லை, பின்னால் இருக்கும் அன்பில்தான் இருக்கிறது. நினைக்கும்போதே அவனுக்குக் கண் கலங்கியது. இன்றைக்கே இதை எழுதிவிட வேண்டும்.

"அக்கா, இந்தப் படத்தை இணையத்துல போடப்போறேன். அவரைப் பத்தி ரெண்டு வரி சொல்லுங்க. எப்படிப்பட்ட மனுஷன்?"

இட்லித் தட்டின் மேல் சம்பூர்ணத்தின் கை நின்றது. குரலைத் தாழ்த்திக்கொண்டு அருகில் வந்தாள்.

"அதுல எல்லாம் போட்டுடாத தம்பி. அத்திபெலே ஊர்ல அவரு பாத்தாருன்னா சண்டைக்கு வந்துடுவாரு."

கவின் சுவரில் தான் வரைந்த மாலையைத் திரும்பிப் பார்த்தான்.

"அங்க இன்னொருத்தியோட குடும்பம் நடத்திக்கிட்டு நல்லாத்தான் இருக்காரு" என்றாள் சம்பூர்ணம். "எங்கூட இருந்த ஒம்பது வருஷத்துல, ஒரு நாளும் வீட்டுக் குப்பையை எடுத்துட்டுப் போய்ப் போட்டதில்ல. இங்கயாச்சும் நின்னு பாத்துக்கட்டுமே!"