மேல் ரோட்டுக் கல்யாணம்

வேனை விட்டு இறங்கியதும் விஜிதா அக்கா எங்கள் மூங்கில் பந்தலைப் பார்த்துக் கைதட்டினார்.

"என்ன வடிவான பந்தல்! எல்லாம் கையால செய்ததோ?"

எனக்குத் தலைகால் புரியவில்லை. விஜிதா அக்கா கஜரூபனின் மூத்த சகோதரி. யாழ்ப்பாணத்திலிருந்து இடம் பார்க்க வந்திருந்தார். என்னை அதுவரை போட்டோவில் மட்டும்தான் பார்த்திருந்தார்.

அடுத்த ஞாயிறு, தேயிலைத் தோட்டத்துக்கு மேலே இருக்கிற இந்த யூகலிப்டஸ் காட்டுக்குள், எனக்கும் கஜரூபனுக்கும் கல்யாணம்.

காடு அவருடைய யோசனை. அவருக்குப் பண்டாரவளையில் வங்கி வேலை. நான் தோட்டத்து முன்பள்ளி டீச்சர். ஒரு நாள் ஏதோ வெளிநாட்டுப் பத்திரிகையைக் கொண்டுவந்து படம் காட்டினார். மரங்களுக்கு நடுவே மாப்பிள்ளையும் பெண்ணும். விருந்தாளிகள் உட்கார மரக்கட்டைகள். கடன்பட்டு மண்டபம் பிடித்து ஊரைக் கூட்டுவானேன், நாலு பேரோடு நம் கையாலேயே செய்துகொள்வோம் என்றார்.

இப்படிப் பேசுகிற மனிதரை யாருக்குத்தான் பிடிக்காது? எனக்குப் பைத்தியமே பிடித்துவிட்டது.

நாங்கள் குடியிருக்கிற லயத்தில், அந்த வரிசை வீடுகளில், எல்லாரும் சிரித்தார்கள். டீச்சர் கல்யாணத்துக்குக் குரங்குதான் மேளம் அடிக்கப் போகுது என்று பக்கத்துக் காம்பரா வீட்டுப் பெரியாயி அக்கா கேலி செய்தாள். கூப்பிடவில்லை என்ற கோபம் அவளுக்கு. லயத்தில் யாரையுமே கூப்பிடவில்லை. சின்னக் கல்யாணம், புரிஞ்சுக்குங்க என்று நானே வாசல் வாசலாகப் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்.

அம்மா மட்டும் சிரிக்கவில்லை. பகலெல்லாம் கொழுந்து எடுத்துவிட்டு, அந்தியில் என்னோடு காட்டுக்கு ஏறினாள். மூங்கிலை அவளே வெட்டினாள். தன் பழைய சேலைகளைக் கிழித்துத் தோரணம் கட்டினாள். பிஸ்கட் தகரங்களுக்குப் பாசி ஒட்டிப் பூச்சாடி ஆக்கினாள்.

அப்பா இல்லை. புருஷன் இல்லாதவள் தாரை வார்க்க நிற்கக்கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். தாய்மாமன் நிற்பதாகத்தான் பேச்சு. கஜரூபன்தான் தோட்டத்து ஆபீஸ் பெரிய கிளாக்கர் பரமலிங்கம் ஐயாவும் அவர் மனைவியும் நிற்கட்டும் என்றார். அவரே போய்ப் பேசிச் சம்மதமும் வாங்கி வந்தார். கிளாக்கர் ஐயா முன்னால் நிற்கிற கல்யாணம் எங்கள் லயத்தில் யாருக்கு நடந்திருக்கிறது? மாமாவுக்கே வாயெல்லாம் பல்.

ஒன்றே ஒன்று மட்டும் அன்று எனக்கு விளங்கவில்லை. காட்டுக்கு வர நல்ல வழி கீழ் ரோடு. லயத்து வாசலைத் தொட்டுக்கொண்டு நேராக வந்துவிடலாம். கஜரூபன் வேனை மேல் ரோட்டில் சுற்றி, குண்டும் குழியுமாகக் குலுங்க வைத்துக் கூட்டி வந்திருந்தார். அக்காவுக்குக் காட்சி காட்டத்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

விஜிதா அக்கா தோரணத்தைத் தொட்டுப் பார்த்தார். மரக்கட்டையில் உட்கார்ந்து பார்த்துச் சிரித்தார். நல்ல மனுஷி. அவர் மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் இல்லை.

பிறகு நிமிர்ந்து பார்த்தார். பந்தல் மூலையில், கட்டை மேல் ஏறி நின்று, தலையில் துண்டோடு அம்மா பெரணி இலை கட்டிக்கொண்டிருந்தாள்.

"இவ ஆர் தம்பி?"

நான் கஜரூபனைப் பார்த்தேன். மாமி என்று சொல்லப் போகிறார், அம்மா இறங்கி வருவாள், அக்கா அவள் கையைப் பிடிப்பார். அந்த ஒரு நிமிஷத்துக்காக எத்தனை நாள் காத்திருந்தேன்.

கஜரூபன் வேன் பக்கம் திரும்பினார். நேரம் போகிறது என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா இறங்கிவிட்டாள். தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டாள். தோட்டத் துரைக்கு முன்னால் நிற்கிற மாதிரி நின்றாள்.

"நான் தோட்டத்து ஆளுங்க. கிளாக்கர் ஐயா மகளுக்குக் கல்யாணம்னாங்க, பந்தல் கட்ட வந்தேங்க."

ஒரு இடத்திலும் தடுமாறவில்லை. பாடமாக்கி வைத்திருந்தாள்.

போன வாரம் நான் முன்பள்ளியில் இருந்த நேரத்தில் கஜரூபன் வந்து அம்மாவோடு தனியாகப் பேசிவிட்டுப் போனாராம். என்ன பேச்சு என்று கேட்டதற்கு, சும்மா சமையல் விஷயம் என்று சொன்னாள். என்னைப் பெற்றவள், என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

காடு, நாலு பேர், மேல் ரோடு, கிளாக்கர் ஐயா. எல்லாம் எங்கள் லயம் அவர் வீட்டார் கண்ணில் படாமல் இருக்கத்தான். அந்த லயத்துக் கதவுகளை அவருக்காக நானே சாத்திவிட்டு வந்திருக்கிறேன்.

விஜிதா அக்கா என் தோளில் கை போட்டார். "அப்பாவும் அம்மாவும் குவாட்டர்ஸிலயோ? வாங்கோ, போய்ப் பாப்பம்."

அம்மா அதற்குள் மறுபடி கட்டை மேல் ஏறியிருந்தாள்.

நான் நகரவில்லை. "அம்மா" என்று கூப்பிட்டேன். காடே கேட்கிற மாதிரி கூப்பிட்டேன்.

விஜிதா அக்கா திரும்பினார். கஜரூபன் திரும்பினார். வேன் டிரைவர்கூடத் திரும்பிப் பார்த்தார்.

அம்மா இலையைக் கட்டிக்கொண்டே இருந்தாள்.