தப்பான விடை

“மூணு வருஷம் உயிரோட இருக்க வேண்டியது. மூணே மாசத்துல கொன்னுட்டான், பாவி!”

மேலாளர் பல்லைக் கடித்தார். செத்துப்போனது, மேசைமேல் திறந்து கிடந்த பெட்டியின் பேட்டரி.

பெட்டி அவர் கைவண்ணம். பேசும் அழைப்புமணி செய்வதற்கான எலக்ட்ரானிக்ஸ் கிட் ஒன்றை வாங்கி, வீண் விளக்குகளைப் பிடுங்கிப்போட்டு, பொத்தானை அழுத்தினால் மட்டும் தூக்கம் கலைகிற புதிர்ப்பெட்டியாக மாற்றியிருந்தார். செல்போன் வரைபடத்தைப் பார்த்துப் புதையல் தேடும் விளையாட்டுக்காரர்களுக்காக, பூங்காவில் ஒரு மரப்பொந்தில் ஒளித்தும் வைத்தார்.

மூடியில் எழுதிய எண்ணிக்கைப் புதிருக்குச் சரியான மூன்று இலக்க விடையை அழுத்தினால் சத்தமில்லாமல் திறந்துகொள்ளும். தப்பென்றால் அவர் குரலிலேயே ஆறுதல் சொல்லும்: “பரவாயில்லைங்க, மனசைத் தளர விடாதீங்க. நான் இருக்கேன்ல?” வாடிக்கையாளர் குறைதீர்ப்பு மையத்தில் இருபது வருடமாக ஊரார் புலம்பலைக் கேட்ட குரல். தேன் சொட்டாமல் என்ன செய்யும்?

மனைவி தேநீரை வைத்தாள். “நடக்க ஆரம்பிச்சதுலேர்ந்து முதுகுவலி கொஞ்சம் தேவலைங்க.”

“ம்.”

வீட்டுக்கென்று அவர் ஒதுக்கி வைத்திருந்தது இந்த ஒரே எழுத்துதான். அவள் சற்று நின்று பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

பெட்டியைக் கம்ப்யூட்டரில் இணைத்ததும் குட்டு வெளிப்பட்டது. முப்பது பேர் வந்து ஒரே முயற்சியில் திறந்திருக்கிறார்கள். ஒரே ஒரு ஆள் மட்டும் தினமும் காலை ஆறு பத்துக்கு வந்து, மூன்று சுழியங்களை மூன்று தடவை அழுத்திவிட்டுப் போயிருக்கிறான். தொண்ணூறு நாளாக!

‘இப்படியும் ஒரு மேதை இந்த ஊருல இருக்கானா? நேர்ல பார்த்து மாலை போடணுமே!’

புது பேட்டரி போட்டு, அன்றைக்கே பெட்டியைப் பொந்தில் வைத்தார். மறுநாள் காலை ஆறு மணிக்குப் புதர் மறைவில் குந்தினார். கேட்க வேண்டிய கேள்விகளை மனதுக்குள் நன்றாகச் சாணை பிடித்து வைத்திருந்தார்.

ஆறு பத்து. தலையில் துண்டு சுற்றிய உருவம் ஒன்று வந்தது. மூன்று சுழியம்.

“பரவாயில்லைங்க, மனசைத் தளர விடாதீங்க…”

உருவம் பெட்டியில் காதை வைத்துக் கேட்டது. மறுபடி மூன்று சுழியம்.

மேலாளர் பாய்ந்து வந்தார். “எண்ணத் தெரியலேன்னா வீட்டுல கிடக்க வேண்டியதுதானே!”

துண்டு திரும்பியது. மனைவி!

சாணை பிடித்து வைத்த கேள்விகளில் ஒன்றே ஒன்றுதான் மிஞ்சியது.

“நீயா? சின்னப் புள்ளை கூடச் சொல்லிடுமே, உனக்கா விடை தெரியலே?”

“முதல் நாளே தெரியுங்க. சரியா அழுத்திட்டா நீங்க பேச மாட்டீங்களே!”