பின்சக்கரத்து எண்ணெய்

"ஆளு தூங்கிட்டானா பாருங்க மாமா. ஜீப்புக்கு அடியில சத்தத்தையே காணோம்" என்றார் மூத்த மாப்பிள்ளை.

அவர் வீட்டுமனைத் தரகர். ஷெட் வாசலில் நாற்காலியைப் போட்டு, கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். அடுத்தவன் வேலையில் குறை கண்டுபிடிக்க அதைவிட வசதியான இடம் கிடையாது. காலையிலிருந்து அவர் அசைத்தது வாயை மட்டும்தான்.

மாமனார் ஜீப்காரர். மலைமேல் இருக்கும் தோட்டங்களுக்கு அந்த ஜீப்பில்தான் சாமான் ஏற்றிப் போகிறார். மனிதர்களைவிட அதன்மேல்தான் அவருக்கு நம்பிக்கை அதிகம். ஒரு நில அளவையாளனைக் கல்யாணம் செய்துகொள்ளப் போவதாகச் சின்ன மகள் வந்து நின்றபோது கூட ஜீப்பைத்தான் இழுத்தார்.

"காடுமேடெல்லாம் ஜீப்லயே சுத்துறவன்னு பீத்திக்கிறியே. நம்ம வண்டியில பின்பக்க ஆக்சில்ல எண்ணெய் ஒழுகுது. வந்து நிறுத்திக் காட்டட்டும். அப்புறம் கல்யாணத்தைப் பத்திப் பேசலாம்."

அதனால்தான் அவன் இப்போது ஜீப்புக்கு அடியில் மல்லாந்து கிடந்தான். இடது பின்சக்கரம் கழன்று சுவரில் சாய்ந்திருந்தது. அதன் உள்பக்கம் முழுக்க எண்ணெய். கீழே விரித்திருந்த அட்டையிலும் எண்ணெய். ஆக்சில் தண்டை உருவி வைத்துவிட்டு, எண்ணெய் வெளியே வராமல் தடுக்கும் ரப்பர் வளையமான சீல் எப்படி இருக்கிறது என்று அந்த ஓட்டைக்குள் டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்ன தம்பி, உள்ள புதையல் ஏதாவது தெரியுதா?" என்றார் ஜீப்காரர்.

"சீல் நல்லாத்தான் சார் இருக்கு."

"நல்லா இருக்கிற சீல் எதுக்கு ஒழுகுது?"

"அதான் புரியல."

தரகர் உச்சுக் கொட்டினார். "இதுல புரியறதுக்கு என்னப்பா இருக்கு? பழசைப் பிடுங்கிப் போட்டுட்டுப் புதுசைத் தட்டி ஏத்தணும். என் கல்யாணத்துக்கு முன்னாடியும் இதே சக்கரம் ஒழுகிச்சு. மாமா ஒரு வார்த்தைதான் சொன்னாரு. சட்டை கசங்காம மாத்திட்டு எழுந்து வந்தேன். அப்புறம் ஒரு சொட்டு வந்துச்சா மாமா?"

"வரவே இல்லையே மாப்பிள்ளை."

"கேட்டுக்கோ."

அளவையாளன் தயங்கித் தயங்கித் தலையை வெளியே நீட்டினான். "இது வண்டியோடயே வந்த சீல் மாதிரி இருக்கு சார். யாரும் கழட்டின அடையாளமே இல்ல."

தரகர் செல்போனை எடுத்து, வராத அழைப்பு ஒன்றைப் பார்க்க ஆரம்பித்தார்.

ஜீப்காரருக்கு முகம் கடுகடுவென்று ஆகிவிட்டது. "வேலை தெரியலைன்னா வாயாவது சும்மா இருக்கணும். வீட்டுக்கு மூத்த மாப்பிள்ளை மாத்தினேன்னு சொன்னா அது மாத்தினதுதான்."

சின்னவள் தண்ணீர் கொடுக்கிற சாக்கில் ஜீப் அருகே குனிந்தாள்.

"புது சீல் கையிலதானே இருக்கு? போட்டுட்டு, சரியாயிடுச்சுன்னு சொல்லிட்டு வந்துடேன்" என்று கிசுகிசுத்தாள்.

"நாளைக்கு மறுபடியும் ஒழுகினா?"

"அதுக்குள்ள அப்பா சரின்னு சொல்லியிருப்பாரு."

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. இவள் தனக்குக் கிடைக்காமல் போய்விடுவாளோ என்று நிஜமாகவே பயந்தான். சீல் பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிரிக்க எத்தனை நேரம் ஆகிவிடும்? ஆனாலும் அதைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, மறுபடியும் அடியில் நகர்ந்தான்.

பேரிங்கைச் சுற்றிப் பார்த்தான். ஆக்சிலின் காற்றுக்குழாயைக் கழற்றி ஊதிப் பார்த்தான். எண்ணெய் ஊற்றுகிற துளையைத் திறந்து விரலை விட்டான். பிறகு எல்லாவற்றையும் இருந்தபடியே பூட்டி, சக்கரத்தை மாட்டிவிட்டு எழுந்தான். தலையிலிருந்து கால்வரை மண்ணும் மசகுமாக நின்றவனைப் பார்த்துத் தரகர் மூக்கைச் சுளித்தார்.

அவன் பிரிக்காத பாக்கெட்டை ஜீப்காரரிடம் நீட்டினான்.

"எல்லாம் பாத்துட்டேன் சார். பேரிங் நல்லா இருக்கு. காத்துக்குழாய் அடைக்கல. உள்ள எண்ணெய் கொஞ்சம்கூடக் குறையல. எங்கேருந்து ஒழுகுதுன்னு என்னால கண்டுபிடிக்க முடியல. நல்லா இருக்கிற சீலைப் பிடுங்கிட்டு, சரி பண்ணிட்டேன்னு சொல்ல மனசு வரல."

"அப்ப எண்ணெய் ஆகாயத்துலேருந்து விழுதா?"

"தெரியல சார்."

தரகர் தொடையைத் தட்டிச் சிரித்தார். "ஒழுகுற எண்ணெயை நிறுத்தத் துப்பில்ல. இவரு குடும்பம் நடத்தப் போறாராம்."

"போய்க் கையைக் கழுவு" என்றார் ஜீப்காரர், அவன் முகத்தைக்கூடப் பார்க்காமல்.

அவன் தலையைக் குனிந்துகொண்டு குழாயடிக்குப் போனான். தரகர், உழைத்துக் களைத்தவர்போல் சோம்பல் முறித்துவிட்டு, சாப்பாடு தயாரா என்று கேட்டபடி வீட்டுக்குள் நுழைந்தார்.

சின்னவளுக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன. "இந்த எண்ணெய்க்காக என் வாழ்க்கையைக் கெடுத்துட்டீங்களேப்பா."

 ஜீப்காரர் வாசல் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, மூலையில் கிடந்த பழைய டயர்களுக்குப் பின்னால் கையை விட்டார். பாதி எண்ணெயோடு ஒரு நீள மூக்கு டப்பாவை எடுத்து அவள் கையில் வைத்தார்.

"உங்க அக்கா கல்யாணத்துக்கு முன்னாடியும் சக்கரத்துல இதைத்தான் ஊத்திவிட்டேன், தொடவே தொடாத சீலை மாத்திட்டேன்னு அந்த ஆளு வந்து நின்னான், நான் வேண்டாம்னு சொன்னதை அவ கேக்கல. இதைக் கொண்டுபோய் எங்கயாவது கொட்டிட்டு வந்து, குழாயடியில நிக்கிற நம்ம மாப்பிள்ளைக்கு முதல்ல இலையைப் போடு."