நஞ்சப்பனுக்கு ஒரு போன்

"கருப்புப் போன்ல கேமரா ஐம்பது எம்பி. நீலத்துல பதிமூணுதான். ஆனா நீலத்துல பேட்டரி ஆறாயிரம். சிக்கலே இங்கதானுங்க" என்றார் அன்புமணி.

சண்முகப்ரியாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போன ஞாயிறும் சிக்கல் இங்கேதான் இருந்தது.

கணபதி பகுதியில் பன்னிரண்டே வீடுகள் கொண்ட அடுக்ககம். பத்து நாளைக்கு முன், நிலத்தடித் தொட்டியில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க வாட்ச்மேன் நஞ்சப்பன் போனில் டார்ச் அடித்துக் குனிந்தார். போன் தொட்டிக்குள் போய்விட்டது.

நம் வேலையில் போனது, நாமே வாங்கித் தருவோம் என்று குடியிருப்போர் சங்கம் அன்றைக்கே ஒருமனதாகத் தீர்மானித்தது. எட்டாயிரம் ரூபாய்க்குள் எந்தப் போன் என்று முடிவு செய்ய மூவர் குழுவையும் அமைத்தது. ஒரு பொருளை வாங்காமல் இருக்க மனிதன் கண்டுபிடித்த வழிகளில் ஆகச் சிறந்தது குழு.

குழுவில் ஒருவர் சங்கச் செயலாளர் உமர் பாரூக், ஹார்டுவேர் கடைக்காரர். இன்னொருவர் இந்த அன்புமணி, பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் ஆசிரியர். மூன்றாவது ஆள் சண்முகப்ரியா. குழுவில் இரக்கம் உள்ள ஒரே ஆள் தான்தான் என்பது அவளுடைய எண்ணம்.

"அவருக்கு எதுக்குங்க ஐம்பது எம்பி?" என்றாள். "மக பிரசவத்துக்கு மேட்டுப்பாளையம் ஊட்டுக்கு வந்திருக்குது. வலி கண்டா இவருக்குத் தகவல் வரணும். அதுக்கு எந்தப் போனா இருந்தா என்ன?"

"வாங்கறதுன்னு ஆயிருச்சு, நல்லதா வாங்கோணுமில்லீங்க?" என்றார் உமர் பாரூக். "கருப்பு ஐந்நூறு ரூபா கூட. நாளைக்குச் சங்கத்துல யாராச்சும் கேட்டா நான்தானுங்க பதில் சொல்லோணும்."

அன்புமணி பதினெட்டு வரிசைகள் கொண்ட அட்டவணை ஒன்றை அச்சிட்டு வந்திருந்தார். அதற்கு அடிக்குறிப்புகள் வேறு.

"அப்புறம், மெமரின்னு பொத்தாம்பொதுவாச் சொல்லக்கூடாதுங்க. ரேம் வேற, ஸ்டோரேஜ் வேற."

"நான் மெமரின்னு சொல்லவே இல்லீங்களே!"

"சொல்லிருவீங்கன்னு முன்கூட்டியே சொன்னேன்."

கார் நிறுத்துமிடத்தில் மூன்று நாற்காலிகளைக் கொண்டுவந்து போட்ட நஞ்சப்பன் அங்கேயே நின்றுகொண்டிருந்தார். "ஏனுங்க, பேசறதுக்கு ஆச்சுன்னாப் போதுமுங்க" என்றார்.

"நீங்க சும்மா இருங்கண்ணா. உங்களுக்காகத்தானே இத்தனை பாடு!" என்று அன்புமணி அவரை அடக்கினார்.

அப்போது முதல் மாடி ஜன்னலிலிருந்து ஒரு போன் அலறியது. நஞ்சப்பன் அண்ணாந்து பார்த்தார். "ஏனுங்க அம்மணி, உங்க ஊட்ல போன் அடிக்குதுங்க."

"அது என்ற பழைய போனுங்கண்ணா. ஞாயித்துக்கிழமை அஞ்சரைக்கு அக்ஷிதாவுக்கு கீபோர்டு கிளாஸ். அந்த அலாரத்துக்குன்னே வச்சிருக்கேன்" என்றபடி சண்முகப்ரியா எழுந்தாள்.

"அப்ப குரூப்ல ஓட்டுப் போட்டு முடிவு பண்ணிக்கலாமுங்க" என்று உமர் பாரூக் கூட்டத்தை முடித்தார்.

ஓட்டெடுப்பு ஒரு வாரம் நடந்தது.

மூன்றாவது ஞாயிறு. அதே கார் நிறுத்துமிடம். அதே மூன்று நாற்காலிகள்.

"கருப்புக்கு ஆறு, நீலத்துக்கு ஆறு" என்றார் உமர் பாரூக் சோகமாக.

"இதுக்குத்தான் நான் மதிப்பெண் முறை வேணும்னேன்" என்று அன்புமணி புது அட்டவணையைப் பிரித்தார். இதில் இருபத்திரண்டு வரிசை.

சண்முகப்ரியாவுக்குப் பொறுமை போய்விட்டது.

"போதுமுங்க! ஒரு மனுசனுக்குப் போன் வாங்கிக் குடுக்க மூணு வாரமா? அந்தப் புள்ளைக்கு வலி வந்து ஆசுபத்திரிக்குப் போனாக்கூட இவருக்குத் தெரியாதே! உங்களுக்கெல்லாம் இரக்கமே இல்லீங்களா? நாளைக்குக் காலைல நானே போயி ஏதோ ஒண்ணை வாங்கிட்டு வாரேன்."

நஞ்சப்பன் மெல்லத் தொண்டையைச் செருமினார்.

"இனி வேண்டாமுங்க அம்மணி. செவ்வாக்கிழமை பேத்தி பொறந்துருச்சுங்க. வீடியோவுல பாத்துப்போட்டேன். நாளைக்கு ஒரு நாள் லீவு குடுத்தீங்கன்னா, நேர்ல பாத்துட்டு வந்தர்றேனுங்க."

சட்டைப் பையிலிருந்து மூலையில் கீறல் விழுந்த ஒரு போனை எடுத்துக் காட்டினார்.

"இது ஏதுங்கண்ணா?"

"முக்குல அயர்ன் வண்டி போட்டிருக்கற சாமுவேல் குடுத்தாருங்க. அவரும் சம்சாரமும் இப்ப ஒரே போன்லதான் பேசிக்கறாங்க."

அன்புமணி அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ரேம் ரெண்டு ஜிபிதான் இருக்கும் போல. ஹேங் ஆகுமே!"

"பேத்தி மூஞ்சி நல்லாத் தெரியுதுங்க" என்றார் நஞ்சப்பன்.

உமர் பாரூக் தலையைக் குனிந்துகொண்டார். சண்முகப்ரியா குழுவின் மற்ற இருவரையும் மாறி மாறி முறைத்தாள்.

"பாத்தீங்களா? மனுசன்னா அவருதான் மனுசன். இருந்த போனைத் தூக்கிக் குடுத்திருக்காரு. இங்க இருக்கற ஒருத்தருக்காச்சும் அப்படித் தோணுச்சுங்களா?"



மணி ஐந்தரை ஆகியிருந்தது. நஞ்சப்பன் முதல் மாடி ஜன்னலை அண்ணாந்து பார்த்துவிட்டு, வழக்கமான பணிவோடு சொன்னார்:

"ஏனுங்க அம்மணி, உங்க பழைய போன் அடிக்குதுங்க."